காதில் போன், கையில் ஒரு விசை

கேள்வி: ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். நாற்பதுக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் ஜிஎஸ்டி, டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வரி) வேலைகள் என் பொறுப்பு. துண்டுச் சீட்டுகளில் குறித்து வைப்பது தொலைந்துபோகிறது என்று டூடூயிஸ்ட் என்ற பணிப்பட்டியல் மென்பொருளைப் பயன்படுத்தத் தொடங்கினேன். ஆனால் ஒரு வேலையைப் பதிவதற்குள் அடுத்த போன் வந்துவிடுகிறது. பிளஸ் குறியைச் சொடுக்கி, நாட்காட்டியைத் திறந்து, தேதியைப் பிடித்து, பிறகு எந்தப் பிரிவு என்று தேடி... மறுபடியும் சீட்டுக்கே திரும்பிவிட்டேன். குறுக்குவிசை (ஷார்ட்கட்) பட்டியல் ஒன்றை அச்சிட்டு மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டினேன். அறுபது விசைகள் இருக்கின்றன, ஒன்றும் மனதில் நிற்கவில்லை. தமிழில் தட்டச்சு செய்யும்போது தெரிந்த ஒரு விசையும் வேலை செய்வதில்லை. வேறு மென்பொருளுக்கு மாறட்டுமா? எங்கள் சீனியர் எல்லாவற்றையும் டைரியில் எழுதுகிறார், எதையும் மறப்பதில்லை. நானும் டைரிக்கே போய்விடலாமா?

பதில்: வணக்கம் சகோதரி. முதலில் மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிய அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள். அறுபது விசைகளை யாரும் தாளைப் பார்த்துக் கற்றுக்கொண்டதில்லை. அலுவலகங்களுக்குக் கணினிப் பயிற்சி கொடுப்பதுதான் என் தொழில். ஒட்டிய தாள் மூன்றாம் நாளே சுவரோடு சுவராகிவிடுவதை எத்தனையோ மேசைகளில் பார்த்திருக்கிறேன்.

குறுக்குவிசை உங்களுக்குப் புதிதும் அல்ல. ஒன்பது ஆண்டுகளாக ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கிறீர்கள் என்றால் டாலி என்ற கணக்கு மென்பொருள் உங்கள் விரலில் இருக்கும். பேமென்ட் போட எஃப்5, ரசீதுக்கு எஃப்6, ஜர்னலுக்கு எஃப்7, விற்பனைக்கு எஃப்8, கொள்முதலுக்கு எஃப்9. இவற்றை நீங்கள் மனப்பாடம் செய்யவில்லை. வவுச்சர் போட்டுப் போட்டு விரல் தானாகப் பழகிக்கொண்டது. இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். கொள்முதல் வவுச்சரை நிரப்பிக்கொண்டிருக்கிறீர்கள், அந்தப் பெயரில் லெட்ஜர், அதாவது கணக்கு, இல்லை. அப்போது வவுச்சரை மூடிவிட்டு மெனுவுக்குப் போகிறீர்களா? இல்லை. இருந்த இடத்திலேயே ஆல்ட்+சி அழுத்துகிறீர்கள். லெட்ஜர் உருவாக்கும் திரை உங்களிடம் வருகிறது, பெயரைக் கொடுத்துச் சேமிக்கிறீர்கள், விட்ட இடத்தில் மறுபடியும் நிற்கிறீர்கள்.

பணிப்பட்டியலிலும் உங்களுக்கு வேண்டியது அந்த ஆல்ட்+சி ஒன்றுதான். டாலியில் இருந்தாலும் எக்செல்லில் இருந்தாலும் மெயில் படித்துக்கொண்டிருந்தாலும், பணியை எழுதும் பெட்டி நீங்கள் இருக்கும் இடத்துக்கு வர வேண்டும். எழுதி என்டர் அழுத்தியதும் அது மறைய வேண்டும். மற்ற ஐம்பத்தொன்பது விசைகளும் பிறகு வரட்டும்.

டூடூயிஸ்ட்டை நீங்கள் பிரவுசரில் வைத்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அங்கே கியூ விசையை அழுத்தினால் விரைவுப் பெட்டி திறக்கும். ஆனால் பிரவுசரில் அந்தப் பக்கம் உங்கள் கண் முன்னால் இருந்தால் மட்டுமே திறக்கும். முன்னால் எக்செல் இருந்தால் அந்த கியூ எக்செல்லுக்குத்தான் போகும். நான் பயிற்சி கொடுத்த ஓர் அலுவலகத்தில் இப்படி நடந்தது. கொள்முதல் தொகை இருந்த கட்டத்தின் மேல் கர்சர் நின்றது. அந்தப் பெண் டூடூயிஸ்ட்தான் முன்னால் இருக்கிறது என்று நினைத்து, திரையைப் பார்க்காமலே கியூ அழுத்தி, வாடிக்கையாளர் பெயரைத் தட்டி என்டரும் அடித்துவிட்டார். தொகை போய் அந்த இடத்தில் எழுத்து உட்கார்ந்துகொண்டது. கூட்டல் சூத்திரம் எழுத்துள்ள கட்டத்தை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் விட்டுவிட்டுக் கூட்டும். மொத்தம் குறைந்துவிட்டதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு மணி நேரம் ஆனது. அதனால் ஒற்றை எழுத்துக் குறுக்குவிசையை உங்களைப் போலப் பல ஜன்னல்களைத் திறந்து வைத்து வேலை செய்பவர்களுக்கு நான் சொல்வதில்லை.

அதற்குப் பதிலாக டூடூயிஸ்ட்டின் விண்டோஸ் செயலியை நிறுவிக்கொள்ளுங்கள். அதன் அமைப்புகளில், எந்த ஜன்னலில் இருந்தாலும் விரைவுப் பெட்டியைத் திறக்கும் விசையை நாமே வைத்துக்கொள்ளலாம். எந்த விசை என்பதைச் சற்று யோசித்து முடிவு செய்யுங்கள். இப்படி வைக்கும் விசையை அந்தச் செயலி மற்ற எல்லா மென்பொருளிடமிருந்தும் பறித்துக்கொள்ளும். கன்ட்ரோல்+ஏ வைத்தீர்கள் என்றால் டாலியில் வவுச்சரைச் சேமிக்க முடியாது. ஆல்ட்டோடு ஓர் எழுத்து என்றால் டாலியில் ஏதோ ஒன்று அடிபடும். கன்ட்ரோலோடு அரைப்புள்ளி எக்செல்லில் இன்றைய தேதியைப் போடுகிறது, அதையும் தொடாதீர்கள். கன்ட்ரோல்+ஆல்ட்+4 இந்திய ஆங்கில விசைப்பலகையில் ரூபாய்க் குறி.

என் பரிந்துரை கன்ட்ரோல்+ஆல்ட்+கியூ. காரணம் இருக்கிறது. இந்த மூன்று விசைகளும் விசைப்பலகையின் இடப்பக்க ஓரத்தில் இருக்கின்றன. வலக்கையில் போனைப் பிடித்துக்கொண்டே இடக்கையால் அழுத்தலாம். வைப்பதற்கு முன் டாலியிலும் எக்செல்லிலும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். எதுவும் நடக்கவில்லை என்றால் அது உங்களுக்கு உரியது.

இப்போது ஒரு போன் வருவதாக வைத்துக்கொள்வோம். பனியன் கம்பெனிக்காரர் பேசுகிறார். ஆகஸ்ட் மாதக் கொள்முதல் பில்கள் இரண்டு விட்டுப்போய்விட்டன, வியாழக்கிழமை அனுப்புகிறேன், அதுவரை தாக்கல் செய்யாதீர்கள் என்கிறார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இடக்கை மூன்று விசைகளை அழுத்துகிறது. பெட்டி வருகிறது. 'பனியன் 2 பில்' என்று தட்டுகிறீர்கள். என்டர். பெட்டி மறைகிறது. தேதி போடவில்லை, பிரிவு போடவில்லை, முன்னுரிமை போடவில்லை. பணி, பிரிவு கொடுக்காதவை சேரும் இன்பாக்ஸில் போய் விழுந்துவிட்டது. அவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார், நீங்கள் முழுக் காதையும் அவரிடம் கொடுக்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தோன்றியது இதுதான். பணியைப் பதிவதையும் அதை ஒழுங்குபடுத்துவதையும் ஒரே மூச்சில் செய்ய முயல்கிறீர்கள். அவை இரண்டு வேலைகள். பதிவதற்கு ஒரு கையும் மூன்று வினாடியும் போதும். ஒழுங்குபடுத்த இரண்டு கையும் சற்று அமைதியும் வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒருமுறை, மாலையில் கிளம்புவதற்கு முன் ஒருமுறை என இரண்டு நேரம் வைத்துக்கொண்டு இன்பாக்ஸைத் திறந்து, ஒவ்வொன்றாகத் தேதியும் பிரிவும் கொடுங்கள். பணியின் மேல் நின்று டி (T) விசையை அழுத்தினால் தேதி, வி (V) விசையை அழுத்தினால் பிரிவு. அந்த நேரத்தில் டூடூயிஸ்ட்தான் முன்னால் இருக்கும் என்பதால் ஒற்றை எழுத்து விசைகள் அங்கே பாதுகாப்பானவை. மறந்துவிட்டால் கேள்விக்குறியை அழுத்துங்கள், முழுப் பட்டியலும் திரையிலேயே வரும். கிழிக்கச் சொன்ன தாளுக்கு மாற்று அதுதான்.

போன் இல்லாத நேரத்தில், இரண்டு கையும் விசைப்பலகையில் இருக்கும்போது, எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதிவிடலாம். பணியின் பெயர், ஓர் இடைவெளி, தேதி, இன்னோர் இடைவெளி, # குறி, பிரிவின் பெயர். # போட்டு முதல் ஓரிரு எழுத்தைத் தட்டியதும் பிரிவுகள் கீழே வரும், என்டரில் தேர்ந்தெடுக்கலாம். மவுஸைத் தொடவே வேண்டாம்.

எவ்வளவு மிச்சமாகும் என்பதைக் கணக்குப் பார்க்கும் உங்களுக்குக் கணக்காகவே சொல்கிறேன். 1980இல் ஸ்டூவர்ட் கார்ட், தாமஸ் மோரன், ஆலன் நியூவெல் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட வேலைகளைத் துண்டு துண்டாக அளந்து வெளியிட்டார்கள். நன்றாகத் தட்டச்சு தெரிந்தவருக்கு ஒரு விசைக்கு 0.2 வினாடி. கை விசைப்பலகையிலிருந்து மவுஸுக்கோ, மவுஸிலிருந்து விசைப்பலகைக்கோ போக 0.4 வினாடி. மவுஸால் ஓர் இடத்தைச் சுட்ட 1.1 வினாடி. அடுத்து என்ன என்று மனம் தயாராவதற்கு 1.35 வினாடி. உங்கள் வழியில் பிளஸ் குறி, நாட்காட்டி, நாள், பிரிவுப் பட்டியல், பிரிவு, சேமி என்று ஆறு சொடுக்குகள் இருக்கின்றன. சுட்டுவதற்கும் சொடுக்குவதற்கும் 7.8 வினாடி, கை மூன்று முறை இடம் மாறுவதற்கு 1.2, ஆறு முறை மனம் தயாராக 8.1. ஆகமொத்தம் 17 வினாடி, பணியின் பெயரைத் தட்டும் நேரம் தனி. ஒரே வரியில் எழுதினால் குறுக்குவிசை, தேதி, பிரிவு, என்டர் எல்லாம் சேர்ந்து பதினாறு விசைகள் என்று வைத்தாலும் 3.2 வினாடி, மூன்று முறை மனம் தயாராக 4. ஏழு வினாடியில் முடிந்துவிடும்.

ஒரு பணிக்குப் பத்து வினாடி மிச்சம். நாளுக்கு முப்பது பணி என்றால் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடம் பெரிதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன், அதற்காக இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். ஆனால் 17 வினாடிக்குள் அடுத்த மணி அடித்துவிடும், பாதி எழுதிய பணி அப்படியே நின்றுவிடும், அந்தப் பனியன் கம்பெனிக்காரரின் இரண்டு பில்கள் தாக்கலுக்குக் கடைசி நாளான 20ஆம் தேதி மாலையில்தான் நினைவுக்கு வரும். நீங்கள் சீட்டுக்குத் திரும்பியதற்கு உங்கள் சோம்பல் காரணமில்லை. சீட்டில் மூன்று வினாடியில் எழுத முடிந்தது, அவ்வளவுதான். மென்பொருளிலும் அந்த மூன்று வினாடி கிடைத்தால் சீட்டு தேவைப்படாது.

தமிழில் தட்டச்சு செய்யும்போது விசை வேலை செய்யாததற்குக் காரணம் எளிது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 விசைப்பலகை அமைப்பில், கியூ இருக்கும் இடத்தில் ஆ இருக்கிறது. நீங்கள் கியூ என்று நினைத்து அழுத்துகிறீர்கள், மென்பொருளுக்கு ஆ என்று கேட்கிறது. ஆ என்ற குறுக்குவிசை அதற்குத் தெரியாது. கன்ட்ரோல், ஆல்ட் சேர்ந்த விசைகளுக்குப் பெரும்பாலும் இந்தச் சிக்கல் இல்லை, அதுவும் நான் அவற்றைச் சொல்வதற்கு ஒரு காரணம். மொழியை மாற்ற விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரை அழுத்துங்கள். இதை மட்டும் இப்போதே விரலுக்குப் பழக்கிவிடுங்கள்.

பணிகளை ஆங்கிலத்தில் எழுதினால் இந்தத் தொல்லையே இல்லையே என்று சிலர் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். 'பில் கேட்க', 'கையெழுத்து வாங்க', 'பதில் போட' என்று தமிழ் வினையில் முடியும் வரியைப் பார்த்ததும் என்ன செய்ய வேண்டும் என்பது உங்களுக்குப் பளிச்சென்று தெரிகிறது என்றால், அப்படியே எழுதுங்கள். தேதியில்தான் ஒரு தடை உண்டு. டூடூயிஸ்ட் 'டுமாரோ' என்று ஆங்கிலத்தில் எழுதினால் புரிந்துகொள்ளும், 'நாளை' என்று எழுதினால் புரிந்துகொள்ளாது. தேதிக்காக மொழியை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருந்தால் மிச்சம் பிடித்த நேரமெல்லாம் போய்விடும். அதனால் தேதியை எண்ணில் எழுதுங்கள். 'பனியன் 2 பில் கேட்க 11/9' என்று எழுதினால் செப்டம்பர் 11 என்று எடுத்துக்கொள்ளும்.

அதற்கு முன் அமைப்புகளில் தேதி வடிவம் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அமெரிக்க வரிசையில் இருந்தால் அதே 11/9 நவம்பர் 9 ஆகிவிடும். பணி இரண்டு மாதம் தள்ளிப்போய் உட்கார்ந்திருக்கும், நீங்கள் பதிந்துவிட்ட நிம்மதியில் இருப்பீர்கள். இன்னொரு பொறி, இன்வாய்ஸ் எண். '12/8 பில்லுக்குப் பதில்' என்று எழுதினால் 12/8 என்பதை ஆகஸ்ட் 12 என்று நினைத்து நிறம் போட்டுக் காட்டும். நிறம் மாறிய இடத்தைச் சொடுக்கினால் தேதி நீங்கி வெறும் எழுத்தாகிவிடும். என்டர் அழுத்துவதற்கு முன் அந்த நிறத்தை ஒரு பார்வை பார்க்கும் பழக்கம் வேண்டும்.

உங்கள் தொழிலில் பாதி வேலை மாதந்தோறும் திரும்பி வருவது. அதை ஒவ்வொரு முறையும் எழுதக் கூடாது. ஆங்கில எழுத்தில் 'எவ்ரி' என்று எழுதி, பக்கத்தில் 5த், 15த் என்று நாளைப் போட்டால் மாதாமாதம் அந்த நாளில் பணி தானே வரும். விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1 மாதத் தாக்கலுக்கு 11, வரி கட்டும் 3பி தாக்கலுக்கு 20, டிடிஎஸ் கட்ட 7 என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அந்தக் கடைசி நாட்களைப் பணியாக வைக்காதீர்கள். 11ஆம் தேதி நீங்கள் செய்வது தாக்கல், அதற்கு முன் செய்ய வேண்டியது பில் கேட்பது. 'விற்பனைப் பட்டியல் கேட்க' என்பதை 3ஆம் தேதிக்கு வையுங்கள், தராதவர்களை மறுபடியும் கூப்பிட 7ஆம் தேதிக்கு ஒன்று. மார்ச் மாத டிடிஎஸ்ஸுக்கு ஏப்ரல் 30 வரை நேரம் இருப்பது போன்ற விதிவிலக்குகளை இந்தத் தொடர் பணியில் திணிக்க வேண்டாம், அவற்றுக்குத் தனிப் பணி எழுதிவிடுங்கள். காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்பவர்களுக்கு நாட்கள் வேறு என்பதால் அவர்களைத் தனிப் பிரிவில் வைத்துவிட்டால் குழப்பம் வராது.

'எவ்ரி' என்ற சொல்லுக்குப் பின்னால் ஓர் ஆச்சரியக்குறியை ஒட்டிப் போட்டால் பொருள் மாறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குறி இல்லாவிட்டால் நாட்காட்டிக் கணக்கு. நீங்கள் தாமதமாக முடித்தாலும் அடுத்தது குறித்த நாளில் வரும். குறி போட்டால் நீங்கள் முடித்த நாளிலிருந்து எண்ணும். தாக்கலுக்கு முதலாவது, பிரிண்டர் டோனர் பார்ப்பதற்கும் பேக்கப் எடுப்பதற்கும் இரண்டாவது.

வாட்ஸ்அப்பில் ஒரு வாடிக்கையாளர் ஏழு வரிப் பட்டியல் அனுப்பினால் ஏழு முறை எழுதாதீர்கள். கணினியில் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்து, ஏழு வரியையும் காப்பி செய்து, பணிப் பெட்டியில் ஒட்டுங்கள். ஏழு பணிகளாகச் சேர்க்கட்டுமா என்று அதுவே கேட்கும்.

ஜிமெயிலில் ஷிஃப்ட்+டி (T) அழுத்தினால் மெயில் பணியாகிவிடும் என்று யாராவது சொல்லியிருக்கலாம். குறுக்குவிசைகளை அமைப்புகளில் இயக்கி வைத்திருந்தால் அது உண்மைதான். ஆனால் அது கூகுளின் தனிப் பணிப்பட்டியலான கூகுள் டாஸ்க்ஸுக்குப் போகும். இரண்டு பட்டியல் வைத்திருப்பவர் இரண்டையும் பார்க்காமல் விடுவார். எனவே வேண்டாம்.

மென்பொருளை மாற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். மாறினாலும் இதே பழக்கத்தைத்தான் அங்கேயும் உருவாக்க வேண்டும். அலுவலகத்தில் மைக்ரோசாஃப்ட் டூ டூ மட்டும்தான் என்று கட்டாயம் வந்தால், அதை டாஸ்க்பாரில் முதல் இடத்தில் பொருத்திவிட்டு விண்டோஸ்+1, பிறகு கன்ட்ரோல்+என் என்று பழகிக்கொள்ளுங்கள். முடித்ததும் ஆல்ட்+டேப் உங்களைப் பழைய ஜன்னலுக்குக் கொண்டுவந்துவிடும். ஒரு விசைக்குப் பதில் மூன்று படி, ஆனாலும் மவுஸ் இல்லை. வீட்டில் மேக் வைத்திருந்து திங்ஸ் செயலியைப் பயன்படுத்தினால் அதன் விரைவுப் பெட்டிக்கு கன்ட்ரோல்+ஸ்பேஸ். மேக்கில் மொழி மாற்றுவதற்கும் பெரும்பாலும் அதே விசைதான் என்பதால் தமிழில் எழுதுபவர்கள் இரண்டில் ஒன்றை மாற்றி வைத்தாக வேண்டும்.

டைரியைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் சீனியர் மறக்காமல் இருப்பதற்கு அந்த டைரி எப்போதும் அவர் கை எட்டும் தூரத்தில் திறந்தே இருப்பதுதான் காரணம். அவருக்கு அது பொருந்துகிறது, அவரை மாற்ற முயல வேண்டாம். ஆனால் அவருடைய வேலைகளில் சில உங்கள் மேசைக்கு வருகின்றன அல்லவா? மாலையில் கிளம்பும்போது, 'ஐயா, நாளைக்கு எனக்கு என்ன இருக்கிறது?' என்று கேட்டு, அவர் டைரியைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நீங்கள் பதிந்துகொள்ளுங்கள். டூடூயிஸ்ட்டில் ஒரு பட்டியலுக்குள் நின்று ஏ விசையை அழுத்தினால் கடைசியில் புது வரி திறக்கும். ஒவ்வொன்றுக்கும் என்டர் அழுத்தினால் அடுத்த வரி தயாராக நிற்கும், முடிந்ததும் எஸ்கேப். அவர் சொல்லும் வேகத்துக்கு நீங்கள் ஈடுகொடுக்க முடியும்.

முதல் வாரம் கன்ட்ரோல்+ஆல்ட்+கியூ மட்டும். வேறு எதையும் முயலாதீர்கள், தேதிகூட வேண்டாம். இன்பாக்ஸில் குப்பையாகக் குவியட்டும். இரண்டாம் வாரம் எண்ணில் தேதி. மூன்றாம் வாரம் # குறி. மாதத் தொடர் பணிகளை 20ஆம் தேதி தாக்கல் முடிந்த மறுநாள் ஒரு மணி நேரம் ஒதுக்கி மொத்தமாக எழுதிவிடுங்கள், அதற்கு முன் நேரம் கிடைக்காது. முதல் வாரத்தில் கை பழக்கதோஷத்தால் சீட்டைத் தேடும். சீட்டுக் கட்டை மேசையிலிருந்து எடுத்து இழுப்பறையில் வைத்துவிடுங்கள். மூன்று விசையைவிட இழுப்பறையைத் திறப்பது கடினமாக இருக்க வேண்டும்.